அம்மா போட்ட வட்டம்

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நீ சாப்பிட்ட பிறகுதான் இதைப் படிக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

இனிமேல் உனக்கு எழுதும் கடிதங்களில் எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வது என்று தீர்மானித்திருக்கிறேன். நடக்காத ஒன்றைச் சேர்க்க மாட்டேன். நடந்த ஒன்றை அழகுக்காக மாற்ற மாட்டேன். நர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தை முடித்துவிட்டு நீ வரும்போது, இவற்றை வரிசையாக அடுக்கினால் நீ இங்கே இல்லாத நாட்கள் முழுவதும் கிடைத்துவிட வேண்டும்.

முதல் பதிவு: விடுமுறை முடிந்து நீ வண்டி ஏறிய அன்று அம்மா அழவில்லை. வண்டி வளைவில் மறைந்ததும், நீ உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கையால் துடைத்தாள். “எவ்வளவு தூசி பாரு” என்றாள். நானும் பார்த்தேன். பெஞ்சில் தூசி இல்லை.

பள்ளிக்குப் புதிதாகப் பெரிய டீச்சர் வந்திருக்கிறார். வந்த இரண்டாம் நாளே அம்மாவை அழைத்து ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் பள்ளியைப் பூட்டும்போது, பெருக்கிய அறைகள், ஜன்னல்கள், குழாய்கள், விளக்குகள் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா அதைச் சூடான பாத்திரம் மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், எனக்குப் பெருக்கத்தான் தெரியும். கிறுக்கத் தெரியாது.”

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுதுவது, அம்மா கீழே தன் அடையாளம் போடுவது என்று முடிவாயிற்று. அம்மாவின் அடையாளம் ஒரு வட்டம். பென்சிலை முழுக் கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே சுற்றில் போடுகிறாள். ஆரம்பித்த இடத்திலேயே வந்து முட்டுகிறது. எங்கள் கணக்கு வாத்தியாருக்குக் கருவி இல்லாமல் அப்படி வராது.

நான் தினமும் எழுதுவது இதுதான்: “பதினோரு அறைகளும் பெருக்கப்பட்டன. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குழாய்கள் மூடப்பட்டன. விளக்குகள் அணைக்கப்பட்டன.” என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டீச்சரும் என்னை ‘அச்செழுத்து’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நீ வைத்த பெயர் அவர் காதுக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு இருமல் இருக்கிறது. சாக்பீஸ் தூள் தொண்டையில் நிற்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்கிறாள். இந்தக் கடிதத்துக்கும் தானே வட்டம் போடுவேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் தங்கை,
அச்செழுத்து

○

ஜூன் 30

என் அச்செழுத்துக்கு,

சாப்பிட்ட பிறகுதான் படித்தேன் என்று அம்மாவிடம் சொல். இரண்டாம் தடவை படித்தபோது பசித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த மாதம் என்னைப் பெண்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள். நாற்பது கட்டில், நாற்பத்தாறு பேர். தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கடிகாரம்’. அவர் நடந்து வரும் சத்தத்திலேயே மணி தெரியும். அவர் சொன்ன ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். வருடத்துக்குப் பத்து நாள்தான் விடுப்பு. எனக்கு மார்ச் மாதக் காய்ச்சலில் ஆறு போய்விட்டது. மிச்சம் நாலு. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் டிசம்பர் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். ஒரு வருடம் முழுவதும் திரும்பப் படிக்க வேண்டும். இலவச இடம் ஒரு தடவைதான். ஊருக்கு வரவும் போகவுமே மூன்று நாள் பிடிக்கும்.

அதனால் உன் கண்ணால்தான் நான் அம்மாவைப் பார்க்க வேண்டும். பதில் எழுது: இருமல் படுத்தால் அதிகமாகிறதா? தண்ணீர்த் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே மூச்சு வாங்க நிற்கிறாளா? நகம் நீலமாக இருக்கிறதா? கணுக்கால் வீங்குகிறதா? எவ்வளவு சாப்பிடுகிறாள்?

விடுதியில் ஒரே ஒரு தொலைபேசி இருக்கிறது. காப்பாளர் மேசை மேல் இருக்கிறது. சாவுச் செய்தி வந்தால் மட்டுமே எங்களைக் கூப்பிடுவார். அது அடிக்கும்போதெல்லாம் எழுபது பேரும் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவோம். அதனால் அதில் கூப்பிடாதே. எழுது.

அம்மாவின் வட்டத்தைத் தோழிகளிடம் காட்டினேன். உங்கள் அம்மா ஓவியரா என்று கேட்டார்கள்.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்கா,

இங்கே இரண்டு பேரும் காலையில் எழுந்து சாயங்காலம் வரை இருக்கிறோம். உன் கைகள் பினாயிலில் வெடித்துவிட்டனவா என்று அம்மா கேட்கிறாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறாள்.

உன் கேள்விகளுக்குப் பதில். படுத்தால் இருமல் அதிகமாகிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே அம்மா எங்கும் நிற்பதில்லை. ஒரு கிண்ணம் கஞ்சி சாப்பிடுகிறாள்.

பெருக்குவது பற்றி இதுவரை எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். குறைந்தால் தூசி எழும், கூடினால் சேறாகி ஒட்டும். எதிர் மூலையில் ஆரம்பித்துக் கதவை நோக்கி வர வேண்டும். கரும்பலகையின் கீழ்ச் சட்டத்தை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும், காய்ந்த துணி பட்டால் தூள் நேராக மூக்குக்குள் ஏறும். பெஞ்சுகளை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். கழிப்பறைகள் கடைசியில். மோட்டார் பழுதானதால் ஒன்பது நாளாகத் தொட்டியிலிருந்து வாளியில்தான் தண்ணீர் போகிறது. ஒரு காலைக்கு நாற்பது வாளி.

இந்த வேலையில் ஒரு சுகம் இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் பலகைகளை எல்லாம் படிக்கலாம். முதல் அறையில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஐந்தாம் அறையில் மேகம் எப்படி உருவாகிறது. பதினோராம் அறையில் எங்கள் வகுப்புக் கணக்கு. பள்ளிப் படிப்பு முழுவதையும் ஒரே காலையில் முடித்துவிடலாம்.

வகுப்பில் முன் பெஞ்சுக்காரி நேற்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் மேல பினாயில் வாசனை. நீ குளிக்கிறியா, இல்ல கழுவி விடுறாங்களா?”

“கழுவித்தான் விடுறாங்க. உன்னைவிட ஒரு தடவை அதிகமா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது. பரிசாக நீண்ட கடிதம் அனுப்பு.

உன் தங்கை

○

ஆகஸ்ட் 10

அச்செழுத்தே,

நான் ஐந்து கேள்வி கேட்டேன். மூன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. நகத்தையும் கணுக்காலையும் காணவில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். சேர்க்க மாட்டேன் என்றாய், மாற்ற மாட்டேன் என்றாய். விட்டுவிட மாட்டேன் என்று எங்கும் சொல்லவில்லை. கெட்டிக்காரிதான்.

இங்கே பதினாலாம் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறார். வலி என்று ஒரு வார்த்தை வீட்டில் சொல்லாமல் ஏழு மாதம் சமைத்துப் போட்டிருக்கிறார். இப்போது அவர் பிள்ளைகள் வராந்தாவில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிறந்தநாள் கடிதம் பிறகு வரும். இப்போது ஒரே ஒரு கேள்வி. பள்ளியைப் பெருக்குவது யார்?

அக்கா

செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

நான்தான்.

நேராகக் கேட்டுவிட்டாய். நேராகக் கேட்டால் எனக்கு வேறு பதில் எழுத வராது. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

ஜூலை முதல் திங்கட்கிழமை அம்மா நாலாம் அறையில் விளக்குமாற்றுடன் உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை. மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத் தூளில் நுரையீரல் இறுகிவிட்டது, தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார். நகம் நீலம்தான். கணுக்காலும் வீங்குகிறது. தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே அம்மா நிற்பதில்லை என்று எழுதினேன். தொட்டிக்கே போவதில்லை.

நாலு மணிக்கு எழுந்து ஏழரைக்குள் முடித்துவிடுகிறேன். குளித்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, நான் பெருக்கிய வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறாம் அறை. அம்மா படுத்துக்கொண்டே கேட்கிறாள். “ஆறாம் ரூம்ல ஜன்னல் மூலைய விட்டுட்ட” என்கிறாள். போய்ப் பார்த்தால் விட்டுத்தான் இருக்கிறேன். சத்தத்திலேயே தெரிகிறது அவளுக்கு. சாயங்காலம் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வட்டம் போடுகிறாள்.

இனி எழுதப்போவது என் முட்டாள்தனம்.

போன புதன்கிழமை கணக்கு வாத்தியார் பதினோராம் அறையில் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, ஓரத்தில் ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வரியில், சமக்குறியைத் தாண்டி வந்த எண்ணுக்குக் குறி மாறவில்லை. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, சாக்பீஸ் எடுத்துத் திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். கீழ் வரிகளும் தப்பாகிவிடுமே என்று மீதியையும் போட்டு, விடைக்கு அடிக்கோடும் இட்டேன். பிறகு அறையைப் பெருக்கினேன். யார் போட்டது என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விடை சரி என்பது மட்டும்தான் தோன்றிற்று.

வாத்தியார் வந்து பலகையைப் பார்த்து நின்றார். ராத்திரியில் பேய் வந்து கணக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று கேட்டார். முன் பெஞ்சுக்காரி எழுந்தாள்.

“சார், பேய்க்கு அச்செழுத்து.”

மதியம் பெரிய டீச்சர் கூப்பிட்டார். மேசையில் நோட்டு திறந்திருந்தது.

“அந்த ரூம் சாவி உங்க அம்மாகிட்டதான் இருக்கு. உங்க அம்மாவுக்கு வட்டம் மட்டும்தான் போடத் தெரியும். யாரும்மா பெருக்குறது?”

“நான்தான் டீச்சர்.”

அவர் கெட்டவர் இல்லை. நோட்டை மூடி வைத்தார். தெரியாத வரைக்கும் கேட்கவில்லை, தெரிந்த பிறகு சும்மா இருந்தால் தன் வேலை போய்விடும் என்றார். அம்மாவால் முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். வேலையோடு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் நம் அறையும் போகும். இல்லையென்றால் குடும்பத்தில் பதினெட்டு முடிந்த ஒருவர் பெயருக்கு மாற்றித் தரலாம். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆனால் வேலைக்காரர் பட்டியலிலும் மாணவர் பட்டியலிலும் ஒரே பெயர் இருக்க முடியாது. மாதம் முடிவதற்குள் சொல்லச் சொன்னார்.

கடைசிப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கிறது, அக்கா.

உன் தங்கை

○

செப்டம்பர் 20

என் தங்கைக்கு,

உன் கடிதம் ஐந்து நாள் என் சட்டைப் பையில் இருந்தது. கடிகாரம் கூட என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டார்.

நீ ஒன்றும் செய்யாதே. கையெழுத்துப் போடாதே. எனக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. அந்த வேலையை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். இருபத்தெட்டாம் தேதி வண்டி ஏறி முப்பதாம் தேதி வந்து பெரிய டீச்சரைப் பார்க்கிறேன். நர்ஸ் படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. நீ பரீட்சை எழுது. சமக்குறியைத் தாண்டினால் குறி மாற வேண்டும் என்று தெரிந்தவள் விளக்குமாறு பிடிக்கக் கூடாது.

அதுவரை அம்மாவைப் படுக்க வைக்காதே. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வை. மூச்சு கொஞ்சம் சுலபமாகும். கதவைத் திறந்து வை.

நான் வரும் வரை பொறு. இது அக்காவின் உத்தரவு.

அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

உன் உத்தரவு இன்று காலை வந்தது. அம்மாவை முதலில் சாய்த்து உட்கார வைத்தேன். நம்மிடம் ஒரு தலையணைதான் இருக்கிறது. மீதி இரண்டுக்குப் பழைய பாடப் புத்தகங்களைத் துணியில் சுற்றி வைத்தேன். “இத்தனை படிப்பு முதுகுல குத்துதே” என்றாள். பிறகு அரை மணி நேரம் இருமாமல் தூங்கினாள்.

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் நீ வண்டி ஏறிவிடக் கூடாது என்று பயந்து, உன் பயணத்தை நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுத்திருக்கிறேன். ஏனென்றால் வேலை என் பெயருக்கு மாறிவிட்டது. பத்தொன்பதாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ இப்படித்தான் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, பதினேழாம் எண் மேல் சிவப்புக் கோடு போட்டார். என்னைப் பார்க்காமல் போட்டார். மறுநாள் காலை நான் வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே பெயர் கூப்பிடுகிறார்கள். பதினாறு. அடுத்தது பதினெட்டு. நடுவில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது ‘உள்ளேன்’ என்று. வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

கணக்கு வாத்தியார் இப்போது போகும்போது பலகையைத் தானே அழித்துவிட்டுப் போகிறார். பதினோராம் அறையில் எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் முடிந்த பிறகுதான் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“ரெண்டு பேர்ல ஒருத்தி படிச்சாப் போதும்னு நான் எப்பவாவது சொன்னேனாடி?”

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறாம் அறையில் பெருக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “கதவுக்குப் பின்னாடி.” கதவுக்குப் பின்னால் விட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “பரீட்சை எழுதாம வந்தா என் வாசப்படி ஏறக் கூடாது. எழுதிட்டு வரட்டும். நான் என்ன, ஓடியா போகப்போறேன்?”

நோட்டில் இப்போது என் கையெழுத்தே போதும். ஆனாலும் அம்மா தினமும் நோட்டைக் கேட்டு வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் போடுகிறாள். இந்தக் கடிதத்தில் வட்டம் சரியாக முட்டவில்லை. கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. நான் திருத்தவில்லை.

உன் தங்கை

◌

நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு அக்டோபர் கடிதங்களும் வந்தன. இரண்டையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிகாரம் வழுக்கி விழுந்து, எழுந்து, யாருமே பார்க்கவில்லை என்று அறிவித்த இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

மோட்டார் சரியாகிவிட்டது. ஒன்பதாம் அறைக்குப் புதுப் பெஞ்சுகள் வந்திருக்கின்றன. முன் பெஞ்சுக்காரி ஒரு நாள் தன் கணக்கு நோட்டை ஜன்னல் மேல் மறந்துவிட்டுப் போனாள். மறுநாளும் மறந்தாள். அதற்கடுத்த நாளும் மறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குப் படித்து, காலையில் அதே இடத்தில் வைத்துவிடுகிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆறாம் அறையை இப்போது இரண்டு தடவை பெருக்குகிறேன்.

உன் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். அம்மா சொன்னதை எழுதுகிறேன். அவசரமாகப் பெருக்கினால் தூசி எழும். தண்ணீர் தெளித்து, எதிர் மூலையில் ஆரம்பித்து, நிதானமாகக் கதவுக்கு வரச் சொன்னாள். பரீட்சைத் தாளிலும் அப்படித்தானாம்.

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை

நவம்பர் 30

என் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. டிசம்பர் 4 முதல் 13 வரை பரீட்சை.

நீ சாப்பிடுகிறாயா? வாளி தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கு. மூக்கில் ஈரத் துணி கட்டிக்கொண்டு பெருக்கு. காசு போகட்டும், பாலும் முட்டையும் வாங்கிச் சாப்பிடு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கு.

பதின்மூன்றாம் தேதி வரை எனக்கு எழுதாதே.

அக்கா

டிசம்பர் 13

என் கண்ணுக்கு,

இன்று மதியம் கடைசித் தாள் முடிந்தது. மை இன்னும் விரலில் இருக்கிறது.

உன் கடிதம் எது வந்தாலும் நான் முதலில் கடைசி வரிக்குக் கீழேதான் பார்ப்பேன். உன் நவம்பர் கடிதத்திலும் அங்கேதான் பார்த்தேன். காகிதத்தைத் திருப்பினேன். உறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பிறகு வார்டுக்குப் போய் நாற்பது கட்டிலுக்கும் விரிப்பு மாற்றினேன்.

ஒரு வட்டம் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பென்சிலை முழுக் கையாலும் பிடித்துப் போட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். நீ போடவில்லை.

விடுதித் தொலைபேசி ஒவ்வொரு நாளும் அடித்தது. எனக்கு அடிக்கவில்லை. நீ அடிக்க விடவில்லை என்று தெரியும். அம்மா விட்டிருக்க மாட்டாள் என்றும் தெரியும்.

நவம்பர் கடைசியில் உனக்கு எழுதியபோது, அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதிய கடிதங்களில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லாதது அது ஒன்றுதான். கேட்டிருந்தால் நீ உண்மையை எழுதியிருப்பாய். உனக்கு வேறு வராது. எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். அவள் வாசற்படி ஏறக் கூடாது என்று சொன்னதையும் மீறி வந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. இது தைரியமா, கல்நெஞ்சா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தாளில் ஒரு கேள்வி வந்தது. மூச்சுத் திணறும் நோயாளியை எப்படி உட்கார வைப்பாய்? ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். புத்தகங்களைத் துணியில் சுற்றி வைக்கலாம் என்றும் எழுதிவிட்டேன். அதற்கு மதிப்பெண் கிடைக்காது.

நாளைக் காலை வண்டி ஏறுகிறேன். இப்போது கேட்கிறேன். அம்மா என்றைக்குப் போனாள்? வந்ததும் சொல். எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நீ சாப்பிட்ட பிறகு படி. இதை எழுதச் சொல்ல ஆள் இல்லை என்றாலும் எழுதுகிறேன்.

நீ வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. உன் வேலை உத்தரவைப் பற்றிய கடிதம் கிடைத்தது. விடுதியில் ஒரு கட்டில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், ஜூனில் தனி அறை கிடைத்தால் என்னை அழைத்துக்கொள்வாய் என்பதும் புரிந்தது. அதுவரை இந்த வேலையும் அறையும் இருக்கட்டும்.

நீ பெரிய டீச்சரோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த தனித்தேர்வர் விண்ணப்பத்துக்கு அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. மார்ச்சில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எழுத வேண்டும். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. பரீட்சை நாளிலும் நாலு மணிக்கு எழுந்து பெருக்கி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முடியும்.

உன்னிடம் அன்று சொல்லாத ஒன்றைப் பதிவு செய்கிறேன். அம்மா நவம்பர் 9 காலையில், நான் ஆறாம் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போனாள். அன்றைக்கு ஜன்னல் மூலையை வேண்டுமென்றே விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பெருக்கினேன். பிறகுதான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடியிருக்க வேண்டியது முதலிலேயே. அந்தக் கொஞ்ச நேரத்தை எந்தக் கடிதத்திலும் சேர்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இன்று சாயங்காலம் நடந்தது இது. பதினோராம் அறையில் சிறப்பு வகுப்பு ஆறேகால் வரை நடந்தது. நான் வெளியே சாவிக் கொத்தோடு நின்றேன். அவர்கள் போன பிறகு உள்ளே போனால், பலகை அழிக்கப்படாமல் இருந்தது. கணக்கு வாத்தியார் மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியாது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பலகையில் எனக்குப் படிக்க ஏதோ இருந்தது. இரண்டாம் வரியில் குறி மாறவில்லை.

வாசலைப் பார்த்தேன். போன தடவை இதே தவறுதான் என் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட வைத்தது. இன்று பெருக்குகிறவளாக நிற்கிறேன். பலகையைத் துடைப்பது என் வேலை, எழுதுவது என் வேலை இல்லை. வேலை போனால் அறையும் போகும். கொஞ்ச நேரம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

பிறகு திருத்தினேன். மீதியையும் போட்டேன். விடைக்கு அடிக்கோடு இட்டேன். மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இந்த முறை யாரும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று, நடந்ததை நடந்தபடியே எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டேன். பக்கத்தில் வட்டத்துக்கான இடத்தைக் காலியாக விட்டேன். தினமும் அப்படித்தான் விடுகிறேன்.

உனக்கும் ஒரு படி இருக்கட்டும். பிப்ரவரி 9-ஆம் தேதிப் பதிவு:

“பதினோரு அறைகளும் பெருக்கப்பட்டன. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குழாய்கள் மூடப்பட்டன. பதினோராம் அறையின் பலகை அழிக்கப்படவில்லை. அதில் இரண்டாம் வரி தவறாக இருந்தது. திருத்தியது நான். விளக்குகள் அணைக்கப்பட்டன.”